எழுத்து முடிந்தது, விசா எப்போது?

வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விசயம்தான். கலியாணம் யாழ்ப்பாணத்தில், மாப்பிள்ளையோ பொம்பிளையோ வெளிநாட்டில், நடுவில் ஒரு விசா பைல். அதனால் காணி உறுதிக்காரரும் ஓய்வூதியக்காரரும் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர்களின் பெயர்களைப் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது. கட்டணங்கள் ஒவ்வொரு வருடமும் ஏறுகிறபடியால் இங்கே உள்ள தொகையை நம்பிக் காசு கட்டாதீர்கள், கட்டுகிற அன்று அந்தந்த நாட்டு அரச இணையத்தளத்தைப் பாருங்கள்.

கேள்வி: மாப்பிள்ளை மெல்பேர்னில் இருக்கிறார், அவுஸ்திரேலியக் குடியுரிமை உள்ளவர். பேச்சுக்காலில் வந்த சம்பந்தம். தை மாதம் வந்து எழுத்து, அதாவது விவாகப் பதிவு, முடித்துவிட்டுத் திரும்பிப் போனார். தாலி கட்டு ஆவணியில் என்று இரண்டு வீட்டாரும் பேசி வைத்திருக்கிறார்கள். எழுத்துக்குப் பிறகும் நான் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன், ஒரு நாள்கூட நாங்கள் ஒன்றாகத் தங்கவில்லை. சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்பார்களாம். எதைக் கொடுப்பது?
- வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். பன்னிரண்டு மாதம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற கதை கலியாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிற சோடிகளுக்கு உரியது. உங்களுக்குச் சட்டப்படி விவாகம் பதிவாகிவிட்டது, நீங்கள் மனைவி. மனைவியாக விண்ணப்பிக்க இத்தனை நாள் ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கும் கிடையாது. நிரந்தரமாகப் பிரிந்து வாழவில்லை, உறவு உண்மையானது, தொடர்கிறது என்பதைத்தான் காட்ட வேண்டும். உங்களுக்குரியது 309 என்ற தற்காலிக விசாவும் அதன் பின்னால் வரும் 100 என்ற நிரந்தர விசாவும். இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம்தான், ஒரே முறைதான் கட்டணம். அந்தக் கட்டணம் ஒன்பதாயிரம் டொலருக்கு மேலே போய்விட்டது, உலகத்திலேயே கூடிய கட்டணங்களில் ஒன்றாக இருக்கும் போல. விண்ணப்பம் போட்ட திகதியிலிருந்து இரண்டு வருடம் ஆன பிறகு நிரந்தர விசாவுக்கான பகுதியைப் பார்ப்பார்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். உங்கள் பைலை அங்கே இருக்கிற அதிகாரி திறக்கிறார் என்று வையுங்கள். அவர் கண்ணில் படுவது என்ன? இருவரும் நேரில் கண்டு சில கிழமைக்குள் பதிவு, பதிவு முடிந்து சில நாளில் மாப்பிள்ளை பிளேன் ஏறிவிட்டார், பொம்பிளை இன்னும் தாய் வீட்டில், தேனிலவு இல்லை, ஒரே கூரையின் கீழ் ஒரு இரவு இல்லை. பொய்க் கலியாணத்தைப் பிடிக்க அவர்கள் வைத்திருக்கிற அடையாளங்கள் அத்தனையும் உங்கள் பைலில் வரிசையாக நிற்கும். எங்கள் ஊரில் இதுதான் மரியாதையான வீட்டுப் பிள்ளையின் அடையாளம் என்று அவருக்கு யார் சொல்வது? நீங்கள்தான் சொல்ல வேண்டும். பலர் இதை மறைக்கப் பார்க்கிறார்கள். எழுத்தன்றே எல்லாம் முடிந்த மாதிரி எழுதுகிறார்கள், ஒன்றாக ஓரிடத்தில் தங்கியதாகவும் ஒரு கதை விடுகிறார்கள், பிறகு தொலைபேசியில் கேட்கும்போது இருவரும் இரண்டு கதை சொல்கிறார்கள். வேண்டாம். விண்ணப்பத்தோடு கொடுக்கிற உங்கள் வாக்குமூலத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். யார் சம்பந்தம் கொண்டுவந்தது, குறிப்பு எங்கே பார்த்தது, முதன்முதலில் நேரே கண்டபோது என்ன கதைத்தீர்கள், எழுத்துக்கு யார் யார் வந்தார்கள், சாட்சிக் கையொப்பம் யார் வைத்தது. பிறகு, எழுத்து என்பது எங்கள் ஊரில் சட்டப்பதிவு, குடும்பமாக வாழத் தொடங்குவது தாலி கட்டிய பிறகுதான், விசாவுக்கு நாள் எடுக்கும் என்பதால் பதிவை முன்னதாக வைப்பது வழக்கம் என்று ஒரு பந்தி. "தாலி ஏறாமல் அங்கே போய் நிற்கக்கூடாது" என்று உங்கள் அம்மா சொல்லியிருப்பா அல்லவா, அந்த வசனத்தையும் அப்படியே எழுதுங்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டியிருந்தால் அந்தப் பற்றுச்சீட்டைப் பின்னால் இணையுங்கள். ஆவணியில் தாலி கட்டு முடிந்ததும் அந்தப் படங்களையும் விண்ணப்பத்தின் இணையக் கணக்கில் ஏற்றிவிடலாம், அதுவரை விண்ணப்பத்தைப் பிடித்து வைத்திருக்கத் தேவையில்லை.

ஆதாரத்தை அவர்கள் நாலு பக்கத்தால் பார்ப்பார்கள்: காசு, வீடு, ஊரும் உறவும் உங்களைச் சோடியாக ஏற்றிருக்கிறதா என்பது, எதிர்காலம் பற்றிய உறுதி. காசு விசயத்தில் எங்கள் ஆக்கள் கோட்டை விடுகிற இடம் உண்டியல், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்மூலம் காசு அனுப்புவது. அவர் மாதாமாதம் உங்களுக்குக் காசு அனுப்புகிறார், ஆனால் உண்டியலில் வருகிறபடியால் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. அதிகாரியைப் பொறுத்தவரை அந்தக் காசு வரவேயில்லை. இந்த மாதத்திலிருந்து வங்கியால் அனுப்பச் சொல்லுங்கள், தொகை சிறிதென்றாலும் பரவாயில்லை. அவருடைய ஓய்வூதிய நிதியிலும் காப்புறுதியிலும் உங்கள் பெயரைப் போட்டிருந்தால் அது நல்ல ஆதாரம்.

உறவுக்கு, உங்கள் இருவரையும் தெரிந்த அவுஸ்திரேலியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள இரண்டு பேரிடம் 888 என்ற படிவத்தில் எழுதி வாங்குங்கள். நல்ல சோடி, சந்தோசமாக இருக்கிறார்கள் என்று எழுதினால் பிரயோசனமில்லை. எழுத்துக்கு வந்து நின்ற சித்தப்பா, தான் கண்டதை எழுதட்டும். படங்களில், கசூரினா கடற்கரையில் குடை பிடித்து நின்று ட்ரோன் விட்டு எடுத்த அல்பத்தில் நாலைந்து போதும், அந்த மாதிரிப் படம் அதிகாரி தினமும் பார்க்கிறார். மாப்பிள்ளை உங்கள் அம்மம்மா வீட்டு விறாந்தையில் சாரத்தோடு குந்தியிருந்து கூழ் குடிக்கிற படம், பின்னால் கொடியில் உடுப்புக் காய்கிறது, அம்மம்மா இன்னும் ஒரு அகப்பை ஊற்றப் போகிறா, அவர் கையால் மறிக்கிறார், அப்படி ஒன்று கைத்தொலைபேசியில் கிடந்தால் அதை முதலில் வையுங்கள். வட்ஸ்அப்பை முழுக்க அச்சடிக்காதீர்கள். "சாப்பிட்டியா", "ம்", "நீ?" என்று நானூறு பக்கத்தை யாரும் வாசிக்கப் போவதில்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று பக்கம், வீட்டு விசயமோ கோபதாபமோ கதைத்த இடமாகப் பார்த்து எடுத்து, மொழிபெயர்ப்போடு போடுங்கள்.

இன்னொன்று. ஸ்பொன்சர் பண்ணுகிற அவரும் பொலிஸ் சான்றிதழ் கொடுக்க வேண்டும், பாரதூரமான குற்றம் ஏதும் இருந்தால் அதை உங்களுக்கும் தெரியப்படுத்துவார்கள். ஒருவர் வாழ்நாளில் பொதுவாக இரண்டு பேரைத்தான் துணையாக ஸ்பொன்சர் பண்ணலாம், இரண்டுக்கும் நடுவில் ஐந்து வருடம் இருக்க வேண்டும். அவர் முன்பு யாரையாவது கூப்பிட்டவரா என்று இதுவரை கேட்கவில்லை என்றால் இப்போது கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

கேள்வி: மனைவி லண்டனில் பிறந்து வளர்ந்தவள். வருடத்துக்கு 24,000 பவுண்ஸ் சம்பளம். வருமானம் போதாது என்று அங்கே ஒருவர் சொல்லிவிட்டார். சனி ஞாயிறில் உறவினர் கடையில் நின்று கையில் காசு வாங்குகிறாள், அதைச் சேர்த்தால் சரிவரும். மாமா காசு போடவும் தயார் என்கிறார். நான் யாழ் பல்கலைக்கழகப் பட்டதாரி, ஆங்கிலப் பரீட்சையும் எழுத வேண்டுமா?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: தம்பி, 18,600 ஆக இருந்த வருமான எல்லையை 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்ஸ் ஆக்கிவிட்டார்கள். 24,000 காணாது என்று சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். கையில் வாங்குகிற காசு கணக்கில் வராது. சம்பளச் சீட்டில் ஒரு தொகை, அதே தொகை அதே மாதம் வங்கியில் விழுந்திருக்க வேண்டும், ஒரே இடத்தில் வேலை செய்பவர் என்றால் ஆறு மாதத்துக்கு அப்படிக் காட்ட வேண்டும். கடைக்கார உறவினர் முறைப்படி சம்பளச் சீட்டுக் கொடுத்து வரியும் கட்ட ஒத்துக்கொண்டால் இரண்டு வேலையையும் சேர்க்கலாம், அங்கேயும் ஆறு மாதம் போக வேண்டும். விண்ணப்பத்துக்காக மட்டும் பொய்ச் சீட்டு அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மோசடி என்று பிடித்தால் உங்களுக்குப் பத்து வருடம்வரை கதவு சாத்தப்படலாம். நீங்கள் இங்கே உழைக்கிற சம்பளத்தையும் இந்த முதல் விண்ணப்பத்தில் பார்க்க மாட்டார்கள்.

மாமாவின் காசு உதவும், ஆனால் அதற்கு ஒரு கணக்கிருக்கிறது. குறைகிற வருமானத்தை இரண்டரையால் பெருக்கி, அதோடு 16,000 கூட்ட வேண்டும். உங்களுக்குக் குறைவது 5,000. பெருக்கினால் 12,500. ஆகவே 28,500 பவுண்ஸ் உங்கள் பெயரிலோ மனைவி பெயரிலோ இருவர் பெயரிலுமோ வங்கியில் ஆறு மாதம் அசையாமல் கிடக்க வேண்டும். சம்பளமே இல்லாதவர் முழுக்கச் சேமிப்பில் காட்டப் போனால் 88,500 வரும். அன்பளிப்பாக வந்த காசு என்றால் ஏற்பார்கள், எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கொடுத்தால் சரி. கடனாக வாங்கியதைச் சேமிப்பு என்று காட்ட முடியாது. விசா கிடைத்ததும் திருப்பித் தருகிறேன் என்று மாமாவோடு ஒரு ஒப்பந்தம் இருந்தால் அது கடன்தான். அறுபது நாள் முன்னம் போட்டுவிட்டு அறுபத்தோராம் நாள் விண்ணப்பிக்கிற யோசனையும் சரிவராது.

ஆங்கிலம்: பேசவும் கேட்கவும் ஏ1 என்ற ஆரம்ப மட்டம் போதும், இரண்டும்தான், எழுத்துப் பரீட்சை கிடையாது. உங்கள் பட்டப்படிப்பு ஆங்கில மொழிமூலம் என்றால் எக்டிஸ் என்ற நிறுவனத்திடம் அதை உறுதிப்படுத்தி வாங்கிக் கொடுத்துப் பரீட்சையைத் தவிர்க்கலாம். அதற்கும் காசும் நாளும் போகும், கொழும்பில் பரீட்சை எழுதிவிட்டு வருவது சில பேருக்குச் சுலபம், இரண்டையும் விசாரித்துப் பாருங்கள். இலங்கையிலிருந்து போகிறவர் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் கொழும்பில் எடுக்க வேண்டும். அது ஆறு மாதம்தான் செல்லுபடியாகும், ஆகவே வருமானக் கணக்குச் சரிவந்த பிறகு எடுங்கள், இப்போதே ஓடாதீர்கள். விண்ணப்பக் கட்டணத்துக்கு வெளியே சுகாதார வரி என்று ஒன்று இருக்கிறது, 2024 பெப்ரவரியிலிருந்து வருடத்துக்கு 1,035 பவுண்ஸ், முதல் விசா 33 மாதம் என்பதால் 3,105 கட்ட வரும். பலர் இதைக் கணக்கில் எடுக்காமல் கடைசி நாளில் முழிக்கிறார்கள்.

மாப்பிள்ளை பொம்பிளையின் ஊருக்குப் போகிறார் என்று சொந்தங்கள் பகிடி பண்ணுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்குப் படிவம் இல்லை தம்பி. மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பது யாழ்ப்பாணத்தில் என்ன புதினமா?

கேள்வி: மாப்பிள்ளை ஜேர்மனி. பாஷை படித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டுமா, போய்ப் படிக்கலாமா?
- வாசகி, மானிப்பாய்

பதில்: பொதுவாகப் படித்துவிட்டுத்தான். ஏ1 சான்றிதழ் விண்ணப்பத்தோடு கேட்பார்கள், கொழும்பு கதே நிறுவனத்தில் அந்தப் பரீட்சை இருக்கிறது. வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு நாலும் உண்டு. சில வகைத் தொழில் விசாவில் இருப்பவர்களின் துணைக்கு விலக்கு உண்டு, அவருடைய அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பேசியிருக்கிற பையன் ரொறன்ரோவில். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது, குடியுரிமை இன்னும் இல்லை. நல்லூரில் ஒரு நேர்த்தி இருக்கிறது, கலியாணத்தை இங்கேதான் வைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்ல, பையன் தட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறார். மனதில் வேறு ஏதும் வைத்திருக்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது.
- வாசகர், பருத்தித்துறை

பதில்: ஐயா, பையன் தட்டிக் கழிக்கவில்லை, புத்தியாக இருக்கிறார். இலங்கையில் உயிராபத்து என்று சொல்லிப் பாதுகாப்புப் பெற்றவர், குடியுரிமை எடுக்க முன்னம் இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து இங்கே வந்து மாலை மாற்றினால், பாதுகாப்பு இனித் தேவையில்லை என்று கனடா அரசு வழக்குப் போடலாம். 2012 டிசெம்பரில் வந்த சட்டமாற்றத்துக்குப் பிறகு அந்த வழக்கில் தோற்றால் அகதி அந்தஸ்தோடு நிரந்தர வதிவிடமும் சேர்ந்து போய்விடும். முன்பு அப்படியில்லை, அதனால்தான் "போன முறை என் மச்சான் வந்து போனவனே" என்று சொல்கிற ஆக்கள் இன்னும் இருக்கிறார்கள். குடியுரிமை எடுத்தவருக்கு இந்தப் பயம் இல்லை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஐந்து வருடத்துக்குள் 1,095 நாள் கனடாவில் நின்றிருக்க வேண்டும். அவர் அதற்குக் கிட்ட வந்துவிட்டார் என்றால் பொறுப்பது நல்லது, நேர்த்தியை முருகன் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்.

பொறுக்க முடியாதென்றால் மூன்றாவது நாட்டில் வைக்கலாம். எங்கள் ஆக்கள் திருச்சி, சென்னை என்று போகிறார்கள். அங்கே கவனிக்க வேண்டியது, கோயிலில் தருகிற பற்றுச்சீட்டு விவாகச் சான்றிதழ் ஆகாது. பதிவாளர் அலுவலகப் பதிவு வேண்டும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு என்னென்ன பத்திரம் கேட்பார்கள் என்பதை டிக்கெட் போட முன்னம் விசாரியுங்கள். ஐயரும் மண்டபமும் சரியாகி, பதிவில்லாமல் திரும்பி வந்து தலையில் கைவைத்தவர்கள் உண்டு. இருவரும் ஒரே இடத்தில் நேரே நிற்கவும் வேண்டும். ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே என்று பதிலாள் வைத்தோ வீடியோவிலோ செய்கிற விவாகத்தைக் கனடா 2015 ஜூனிலிருந்து ஏற்பதில்லை.

பையனிடம் இரண்டு விசயம் கேளுங்கள். ஒன்று, முன்பு அகதிக் கோரிக்கையில் தன் குடும்ப விபரத்தை எப்படி எழுதினார் என்பது. அப்போது மணமானவர் என்றோ வேறு திகதிகளோ எழுதியிருந்தால் அது இன்னும் கோப்பில் கிடக்கிறது, புதிய விண்ணப்பம் அதோடு ஒத்துப்போகாவிட்டால் கேள்வி வரும். உண்மைக்கு மாறாக ஏதும் இருந்தால் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியோடு கதைத்துவிட்டு எழுதட்டும், மூடி மறைத்துப் பொய் என்று பிடிபட்டால் ஐந்து வருடத் தடை. இரண்டாவது, இப்போது சமூக உதவிக் காசு எடுக்கிறாரா என்பது. உடல் இயலாமைக்காக எடுப்பது வேறு, மற்றப்படி அந்தக் காசு எடுப்பவர் ஸ்பொன்சர் பண்ண முடியாது. சம்பளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று மனைவிக்குப் பொதுவாக எல்லை வைப்பதில்லை, பெற்றோரைக் கூப்பிடுவதற்குத்தான் அந்தக் கணக்கு. ஆனால் மகள் போய் இறங்கியதிலிருந்து மூன்று வருடத்துக்கு அவளுடைய செலவுக்கு அவர் பொறுப்பு என்று கையெழுத்து வைக்க வேண்டும்.

கேள்வி: பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி என் பெயருக்கு எழுத்துக்கூட்டு. கலியாணம் முடிந்தால் கணவர் பெயரையும் போட வேண்டுமா?
- வாசகி, நல்லூர்

பதில்: கணவர் பெயரைப் போட வேண்டும் என்று எந்த நாடும் கேட்கவில்லை. பைல் போகிற நேரத்தில் புதிதாகப் பெயர் மாற்றிக் குழப்பத்தைக் கூட்டாதீர்கள். கடவுச்சீட்டில் உள்ளபடி எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். வேறு பெயர்கள் என்று ஒரு கட்டம் இருக்கும், மற்ற எழுத்துக்கூட்டுகளை அங்கே போட்டுவிடுங்கள். கூடவே மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக்கடதாசி. எங்கள் ஆக்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயரைத்தான் அந்த இடத்தில் போடுகிறோம், அதனால் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் கணவனுக்கும் மனைவிக்கும் கடைசிப் பெயர் ஒத்துப்போகாது. இதையும் இரண்டு வரியில் எழுதிவிட்டால் அதிகாரிக்கு மண்டை காயாது. தமிழில் உள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றுங்கள். வெளிவிவகார அமைச்சின் சான்றுறுதிக்குக் கொழும்புக்கு ஓட வேண்டாம், யாழ் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகம்) பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் 2017 இலிருந்து இருக்கிறது. பொலிஸ் சான்றிதழுக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம். இடம்பெயர்ந்து இருந்த விலாசங்களையும் சேர்த்து எழுதுங்கள், பல பேர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: தம்பி பிரான்சில் பத்து வருட வதிவிட அட்டையோடு இருக்கிறான். போன மாதம் இங்கே எழுத்து முடிந்தது. மனைவி எந்த விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்?
- வாசகர், சங்கானை

பதில்: அவர் பிரெஞ்சுக் குடியுரிமை எடுக்காதவர் என்றால் வேலை அவர் பக்கம்தான் தொடங்கும். குடும்ப இணைப்பு என்று ஒரு முறை, அங்கே ஒஃபி என்கிற அலுவலகத்துக்கு அவர்தான் விண்ணப்பிப்பார். பதினெட்டு மாதம் சட்டப்படி இருந்திருக்க வேண்டும், கடைசிப் பன்னிரண்டு மாத வருமானம் அந்த நாட்டின் அடிப்படைச் சம்பளத்துக்குக் குறையக்கூடாது, வீட்டின் பரப்பளவையும் பார்ப்பார்கள். நாலு பேரோடு ஒரு அறையில் இருக்கிறவர் முதலில் வீடு தேட வேண்டி வரும். அங்கே அனுமதி வந்த பிறகுதான் இங்கே மனைவியின் விசா. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரைக் கட்டப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: எழுத்துக்கு முன்னமே கொழும்புத் தூதரகத்தில் விவாகத் தகைமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு எழுத்தை முடித்தால், பிறகு அந்த விவாகத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றுவதில் இழுபடுவீர்கள்.

கேள்வி: மகளுக்கு எழுத்து முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. மாப்பிள்ளை கனடாக் குடியுரிமைக்காரர். பேசிய டொனேசனில் (மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கிற காசு) பெரும்பகுதி கொடுத்துவிட்டோம். கேட்கும் நேரமெல்லாம் பைல் போட்டாச்சு, ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். இப்போது மிச்சக் காசோடு எங்கள் வீட்டையும் எழுதித் தந்தால்தான் கெதியாக முடிக்கலாம், விசாவுக்குச் சொத்துக் காட்ட வேண்டும் என்கிறார்கள். தாலி கட்டும் நாளும் இன்னும் வைக்கவில்லை. என்ன செய்வது?
- ஒரு தாய், உரும்பிராய்

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை முதலில் கேட்கிறேன். மகள் இதுவரை ஏதாவது படிவம் நிரப்பிக் கையெழுத்து வைத்தாளா? கனடாவுக்கு ஸ்பொன்சர் விண்ணப்பமும் மனைவியின் நிரந்தர வதிவிட விண்ணப்பமும் ஒன்றாகத்தான் போகும். ஸ்பொன்சர் அவர், ஆனால் விண்ணப்பதாரி உங்கள் மகள். அவளுடைய பள்ளிக்கூடம், வேலை, பத்து வருட விலாசம் எல்லாம் அவள்தான் எழுத வேண்டும். எப்படிச் சந்தித்தீர்கள், யார் யார் எழுத்துக்கு வந்தார்கள் என்று கேட்கிற 5532 இலக்கப் படிவத்திலும் அவள் பங்கு உண்டு. விண்ணப்பம் ஏற்கப்பட்டால் இலக்கத்தோடு கடிதம் வரும், பிறகு கைரேகை கொடுக்க அழைப்பு, மருத்துவப் பரிசோதனை, இலங்கைப் பொலிஸ் சான்றிதழ். இதில் ஒன்றுமே இரண்டு வருடத்தில் நடக்கவில்லை என்றால் பைல் ஓடவில்லை, பைல் என்று ஒன்றே இல்லை. அவுஸ்திரேலியா, பிரித்தானியா எதுவென்றாலும் பொம்பிளை கையெழுத்து வைக்காமல் பொம்பிளைக்கு விசா விண்ணப்பம் போக முடியாது. "இலக்கத்தைத் தாருங்கள், நாங்களும் பார்க்கிறோம்" என்று மாப்பிள்ளையிடம் மகளையே கேட்கச் சொல்லுங்கள். தமையனோ மாமனோ கேட்க வேண்டாம், மனைவி கேட்கட்டும்.

விசாவுக்குச் சொத்துக் காட்ட வேண்டும் என்பது சுத்தப் பொய். மேலே பருத்தித்துறை ஐயாவுக்குச் சொன்னபடி மனைவியைக் கூப்பிடப் பொதுவாக வருமான எல்லையே இல்லை, பொம்பிளை வீட்டாரின் காணி யாருக்கு வேண்டும்? 2024 ஏப்ரலில் இருந்த கட்டணப்படி விண்ணப்பத்துக்கு 1,205 கனடா டொலர், கைரேகைக்கு 85. மருத்துவமும் மொழிபெயர்ப்பும் கூட்டினாலும் ஒரு வீட்டின் விலைக்குக் கிட்டவும் வராது. ஆகவே கேட்பது விசாவுக்கான காசு இல்லை. என்ன காசு என்பது உங்களுக்கே தெரியும்.

வீட்டை எழுதாதீர்கள். மாப்பிள்ளை பெயரிலோ அவருடைய தாய் பெயரிலோ ஒரு துண்டு நிலமும் எழுதாதீர்கள். சீதனமாகக் கொடுப்பதென்றால் அது மகள் பெயரில் சீதன உறுதியாகத்தான் போக வேண்டும், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி சீதனம் பெண்ணுக்குரியது. ஆனால் அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அவர் தராவிட்டால் நீதிமன்றம் போய் அனுமதி எடுக்க வேண்டும். எழுத்து முடிந்துவிட்டபடியால் இது உங்கள் மகளுக்கு இப்போதே பொருந்தும். அதனால் இந்த நிலையில் மகள் பெயருக்கும் புதிதாக எதையும் மாற்றாமல் இருப்பது நல்லது.

தாலி கட்டவில்லைத்தானே, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று உங்கள் தம்பி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அப்படி விட முடியாது. எழுத்தோடு மகள் சட்டப்படி மனைவியாகிவிட்டாள். விவாகரத்து எடுக்காமல் இன்னொரு இடத்தில் செய்து கொடுத்தால் அது குற்றம், அவருக்கும் அதே சட்டம்தான். இலங்கையில் இருவரும் ஒத்துப் பிரிவது என்று ஒரு வழி பொதுச் சட்டத்தில் இல்லை. துணையை விட்டு வேறொருவரோடு தகாத உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைபாடு, இவற்றில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். தீர்ப்பு வந்தாலும் முதலில் இடைக்காலத் தீர்ப்புத்தான், குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் அது முடிவாகும். எதிராளி வெளிநாட்டில் என்றால் அழைப்பாணை போய்ச் சேரவே நாள் எடுக்கும். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு வருடம் பார்ப்போம் என்று இருந்துவிட்டு அதன் பிறகு தொடங்கினால் மகளுக்கு வயது எத்தனை என்று யோசியுங்கள்.

மாப்பிள்ளைக்கு ஒரு திகதி சொல்லுங்கள், ஒரு மாதம் போதும். அதற்குள் படிவங்களை மகளுக்கு அனுப்பி இருவரும் சேர்ந்து நிரப்பத் தொடங்கினால் சரி, பழசை விடுங்கள், தாலி கட்டுக்கு நாள் பாருங்கள். அனுப்பவில்லை என்றால் சட்டத்தரணியிடம் போங்கள். காசு கஷ்டம் என்று எழுதியபடியால் சொல்கிறேன், சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் அலுவலகம் இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே உதவி உண்டு. மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், வழக்காளி அவள்தான். விவாகப் பதிவின் பிரதி, மாப்பிள்ளை பைல் போட்டாச்சு என்று எழுதிய வட்ஸ்அப் செய்திகள், டொனேசன் காசு எந்த நாள் யார் கையில் யார் முன்னால் கொடுத்தது என்று எழுதிய ஒரு தாள், இவ்வளவும் கையில் இருக்கட்டும். அந்தச் செய்திகளை மகள் கோபத்தில் அழித்துவிடாமல் இன்றைக்கே படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள்.